பருந்தின் கண்ணில் நிற்க வேண்டியவர்

என் மச்சான் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் இறக்கை விரித்த பருந்து. சோபா வரை போனால் பருந்து கலங்கும். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரத்துக்குப் போனால் பருந்தே இருக்காது. தொப்பி போட்ட சிப்பாய்கள் மட்டும் இருப்பார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தோளோடு தோள் ஒட்டி, ஒரு மைதானம் முழுக்கப் பருந்தின் உருவத்தில் நின்றுகொண்டு, கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பட்டாளத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று, மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மரவள்ளியும் மாடுகளுமாக இருக்கிறார். பருந்து அவருடைய படைப்பிரிவின் சின்னம். அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், படத்தைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? மச்சான் பொத்தாம்பொதுவாகக் கையை வீசி, "அந்த றெக்கைப் பக்கமுங்க" என்பார். உடனே காபி வரவழைத்துவிடுவார்.

எனக்கு வேலை குறைவு என்பதால் இந்த மாதிரி விஷயங்களைக் கவனிப்பேன். சில நாள் கை இடது இறக்கைக்குப் போகும், சில நாள் வலது இறக்கைக்கு. சிப்பாய் நடமாடலாம், படத்துக்குள்ளே நடமாடக்கூடாது. ஒருமுறை சேலத்திலிருந்து ஓமலூருக்கு அவர் காரில் போகும்போது இதைக் கேட்டே விட்டேன். முன்னால் போன ஒரு லாரியை முந்தினார். பிறகு சொன்னார்: அந்தப் படத்தில் அவர் இல்லை.

படம் எடுத்தது ஒரு லாரியின் மேல் சாரம் கட்டி. லாரி நின்ற இடம் சரிவு. கை பிரேக்கை நம்ப முடியாது. அதனால் ஓட்டுநர் இறங்கக்கூடாது, பிரேக் மேல் வைத்த காலை எடுக்கவே கூடாது என்று உத்தரவு. ஓட்டுநர் மச்சான். படைப்பிரிவு முழுவதும் வெயிலில் பருந்தாக நிற்க, இவர் கேபினுக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள்கூட வால் பகுதியில் இருக்கிறார்களாம்.

"அந்தப் படத்துல இருக்கற ஒவ்வொருத்தனும் என்னையத்தான் பாத்துட்டு நிக்கறான் மாப்ள. நான்தான் இல்லை."

இதைச் சொன்னவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிப்பை ஓமலூர் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பட்டாளத்தை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு படம் அவரை விடவில்லை. தன் படைப்பிரிவின் பருந்துக்குள் ஒரு தடவையாவது தானும் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. படைப்பிரிவு அவருக்காக மறுபடி ஒன்றுகூடப் போவதில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் கூடுவார்கள். எங்கள் ஆட்கள் கூடினால் எண்ணிக்கையில் படைப்பிரிவுக்குக் குறைவில்லை. ஒழுங்கு மட்டும்தான் வேறு.

சந்தர்ப்பம் பேரன் ரூபத்தில் வந்தது. மச்சானுடைய மகன் வயிற்றுப் பேரனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தி, கெடா விருந்து வைப்பதாக முடிவானது. கோயிலுக்கு முன்னால் செம்மண் மைதானம். ட்ரோன் வைத்திருக்கும் போட்டோக்காரர் ஒருவர் ஏற்கெனவே பேசப்பட்டிருந்தார். மச்சான் தொலைபேசியில் என்னை அழைத்து, உறவுக்காரர்களைப் பருந்தாக நிறுத்திப் படம் எடுக்கப் போவதாகவும், பருந்தின் கண்ணாகத் தான் நிற்கப் போவதாகவும், கோடு போடும் பொறுப்பு எனக்கு என்றும் சொன்னார். எனக்குக் கோடு போட வராது என்றேன். "எழுதறவருக்குக் கோடு போடத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். இந்தத் தர்க்கத்தை உடைக்க இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

நான் எந்த வேலையையும் படிப்பதிலிருந்து ஆரம்பிக்கிறவன். பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுவேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு மாடியில், ஏற்காடு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, சிப்பாய்ப் படங்களின் சரித்திரத்தையே துழாவினேன். நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்கப் படை முகாம்களில் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. உயரமான கோபுரம் கட்டி, மேலே கேமராவை வைத்து, ஆயிரக்கணக்கான சிப்பாய்களைச் சின்னமாகவும் கேடயமாகவும் மணியாகவும் நிறுத்தியிருக்கிறார்கள். கோபுரத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பதால், தூரத்தில் இருக்கும் பகுதி சிறுத்துத் தெரியும். அதைச் சரிக்கட்ட, தூரத்துப் பகுதியைத் தரையில் பல மடங்கு நீட்டி வரைந்து, அங்கே பல மடங்கு ஆட்களை நிறுத்தியாக வேண்டும். கிட்டே நின்று பார்த்தால் கோணல்மாணல். கோபுரத்திலிருந்து பார்த்தால் கச்சிதம்.

இதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை என் மனைவி ஒரு நோயாகவே கருதினாள். மைதானத்துக் கேட் பக்கம் வால், கோயில் பக்கம் தலை என்று வைத்துக்கொண்டு, தலையையும் கழுத்தையும் சாஸ்திரப்படி நீட்டி, கட்டம் கட்டமாக வரைபடம் போட்டேன். கோபுரம் என்ற ஒன்று நம்மிடம் இல்லை, ட்ரோன் தலைக்கு நேர் மேலே பறக்கும், அங்கிருந்து பார்க்கும்போது தூரம் கிட்டே என்ற பேச்சே இல்லை என்பது என் மூளைக்கு வரவே இல்லை. படித்தவன் செய்யக்கூடிய தவறுகளில் இது சுத்தமான ரகம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கோ விசேஷத்துக்கோ வந்தால், பார்த்த மாத்திரத்தில் "வாங்க" என்று சொல்ல வேண்டும். வந்தவர் பத்துப் பேராக வந்தால், பத்துப் பேரையும் தனித்தனியாகப் பார்த்துப் பத்து 'வாங்க'. மொத்தமாகச் சொன்னால் செல்லாது. சோறு குறைந்தால் மன்னிப்பார்கள், குழம்பில் உப்புக் கூடினால் பொறுத்துப்போவார்கள். 'வாங்க' விட்டுப்போனால் அது மூன்று தலைமுறைக்குப் பேசப்படும். 'ஊட்டுக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க' என்பதுதான் எங்கள் ஜில்லாக்களில் பாதிப் பகைக்கு மூல காரணம்.

மச்சானுடைய சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, கிழக்கே கெங்கவல்லிக்காரர்; அவருக்கு நாங்கள் மேற்கத்திக்காரர்கள். மகனின் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் அவர் வந்து இறங்கிய நேரத்தில், மச்சான் ஒரு வேனைப் பின்னால் எடுக்க உதவிக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவருக்கு, ஒரு வண்டி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. "வா, வா, ஒடிச்சு வா" என்று வேனின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனவர், பக்கத்தில் பெட்டியோடு நடந்துபோன சம்பந்தியைப் பார்க்கவில்லை. அந்த ஆள் அன்றைக்கே யாரிடமோ சொல்லியிருக்கிறார்: வேனுக்கு அத்தனை வா சொன்னவர், பெண்ணைப் பெற்றவனுக்கு ஒன்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. பிள்ளை பிறந்ததற்குக்கூட மனைவியையும் மகனையும்தான் அனுப்பினார். இப்போது பேரனுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் என்பதால், மகனோடு தானும் வருவதாக, மருமகளின் கெஞ்சலுக்குப் பிறகு, ஒப்புக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் காலையில் மொட்டை முடிந்தது. தாய்மாமன் வந்தால்தான் காது குத்து, காது குத்தினால்தான் பந்தி. ஆத்தூரில் கார் டயர் பஞ்சர், வர மத்தியானம் ஆகும் என்று சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. சொந்தம் முழுவதும் பசியோடு, செய்ய ஒன்றுமில்லாமல், கறி வேகும் வாசனையில் நின்றுகொண்டிருந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். இதைவிட நல்ல நேரம் வராது. சாப்பிட்டுவிட்டால் எங்கள் ஆட்களை எந்தப் படைத்தளபதியாலும் வரிசையில் நிறுத்த முடியாது.

சுண்ணாம்புத் தூளில் நான் போட்டிருந்த பருந்தின் மேல் ஆட்களை நிறுத்த ஆரம்பித்தோம். கேட்டுக்கு வெளியே ஓரமாக நின்ற ஒரு லாரியின் கேபின் மேல் என்னை ஏற்றிவிட்டு, கோயில் மைக்கையும் கையில் கொடுத்தார்கள். முதல் சிக்கல் உடனே வந்தது. வாலில் நிற்க யாரும் தயாராக இல்லை. பங்காளிகள் தலையில், மாமன் மச்சான் வகையறா இறக்கையில் என்றால், அப்புறம் நாங்கள் என்ன வாலா என்று சில பேர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். நான் மைக்கில், வால்தான் கேமராவுக்குக் கிட்டே இருக்கும், வாலில் நிற்கிறவர்களுக்குத்தான் படத்தில் முகம் தெரியும் என்று சொன்னேன். அடுத்த கணம் தலை காலியாகிவிட்டது. ஒரு பெரியம்மா தன் மூன்று மருமகள்களையும் இழுத்துக்கொண்டு அலகிலிருந்து வாலுக்கு ஓடினார். அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து, தலையில் நிற்பதன் கௌரவத்தை விளக்குவதற்குள் என் தொண்டை போய்விட்டது.

மச்சான் அவசரப்படவில்லை. பட்டாளத்துப் பச்சைச் சட்டையை எடுத்து வந்து போட்டிருந்தார். வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் ஒன்று கடமையிலிருந்து விலகியிருந்தது. தலை முழுவதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நடுவில் பச்சையாக, விறைப்பாக அவர் மட்டும். கண்.

ட்ரோன் ஏறியது. போட்டோக்காரர் கீழே இறக்கிக் காட்டிய முதல் படத்தைப் பார்த்ததும் என் சாஸ்திரம் வெளுத்தது. நேர் மேலிருந்து எடுத்த அந்தப் படத்தில், பருந்துக்கு ஒட்டகத்தின் கழுத்தும் ஆனைத் தலையும் இருந்தன. பக்கத்தில் எட்டிப் பார்த்த ஒரு பங்காளி, இது என்னங்க கோழியா என்று கேட்டுவிட்டார்; அது என் மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் ஜில்லாவில் எந்தப் பறவையை வரைந்தாலும் கோழியா என்றுதான் கேட்பார்கள், அது தொழில் பழக்கம். ஆனால் மச்சான் கண்ணிலிருந்து அப்படியே திரும்பி, "பட்டாளத்துப் பருந்துங்க அது. கோழி கீழின்னு பேசாதீங்க" என்றார். அவர் அவ்வளவு கடுப்பாகப் பேசி அந்தப் பங்காளி கேட்டதில்லை. போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

ஒட்டகக் கழுத்துக்கு நான்தான் காரணம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்களை நகர்த்த நேரமில்லை. அதனால் ட்ரோனை நகர்த்தச் சொன்னேன். கேட்டுக்கு வெளியே, என் லாரிக்கு நேர் மேலே நிறுத்தி, கோபுரத்திலிருந்து பார்ப்பதுபோல் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். போட்டோக்காரர் அப்படியே செய்தார். சின்னத் திரையில் கழுத்து உள்வாங்கி, தலை சுருங்கி, பருந்து பருந்தானது. ஒரே ஒரு குறை. சாய்த்துப் பார்ப்பதால் கேட்டும், கேட்டுக்கு உள்ளே கொஞ்சம் வெறும் மண்ணும் படத்தின் அடியில் வந்தன. பரவாயில்லை, வெட்டிவிடலாம் என்றார்.

அப்படியும் படம் அமையவில்லை. ஒரு படத்தில் பாதிப் பேர் ட்ரோனைத் தேடி வேறு வேறு திசையில் பார்த்தார்கள். இன்னொன்றில் வலது இறக்கை மொத்தமும் சமையல் பந்தல் பக்கம் திரும்பியிருந்தது, அப்போதுதான் ஒரு அண்டாவை இறக்கியிருந்தார்கள். ட்ரோனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. இதுதான் கடைசி, இதற்குமேல் பறக்காது என்றார் போட்டோக்காரர். நான் மைக்கில், யாரும் அசையக்கூடாது, எது நடந்தாலும் இடத்தை விட்டு நகரக்கூடாது, எல்லோரும் கேட்டைப் பாருங்கள் என்று கத்தினேன். மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். அவ்வளவு தூரத்திலும் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது.

கதவு திறந்து இறங்கியது சம்பந்தி. ஆத்தூர் பஞ்சர்க்காரர் நினைத்ததைவிடக் கெட்டிக்காரராக இருந்திருக்கிறார். சம்பந்தி துண்டைச் சரிசெய்துகொண்டு, கேட்டுக்கு உள்ளே பார்க்காத மாதிரிப் பார்த்தார். ஒரு பக்கம், ஆகாயத்தில் கடைசிச் சார்ஜில் ட்ரோன். இன்னொரு பக்கம், போன முறை 'வாங்க' கிடைக்காமல் போனவர். நடுவில், பருந்தின் கண்ணில், மச்சான். அவர் மேலே ஒரு தடவை பார்த்தார், கேட்டை ஒரு தடவை பார்த்தார்.

"மச்சான், நகராதீங்க. ஒரே நிமிஷம்" என்றேன் மைக்கில்.

அவர் கத்தவில்லை. ஆனால் மைதானம் அமைதியாக இருந்ததால் கேட்டது.

"வாங்கன்னு சொல்லாம நிக்கச் சொல்றீங்களா மாப்ள?"

சொல்லிவிட்டுக் கண்ணை விட்டுக் கிளம்பிவிட்டார். நீட்டி வைத்த கழுத்து, மார்பு, வால் என்று பருந்தின் முழு நீளத்தையும், உறவுக்காரர்களுக்கு நடுவே உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓடி வந்தார். அந்தக் கழுத்தை நான் அவ்வளவு நீளமாக வரைந்திருக்க வேண்டாம். வாலைக் கடந்து, வெறும் மண்ணுக்கு வந்து, மூச்சு வாங்க நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.

"வாங்க சம்பந்தி."

நகரக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் யாரும் நகரவில்லை. ஆனால் விருந்தாளி வந்து நிற்கும்போது சும்மா நிற்க எங்கள் ஆட்களால் முடியாது. நின்ற இடத்திலேயே, வாலிலிருந்து அலகு வரை, இறக்கையின் இரண்டு நுனி வரை, மொத்தப் பருந்தும் கேட்டைப் பார்த்துக் கும்பிட்டது. "வாங்க, வாங்க" என்ற சத்தம் வாலில் ஆரம்பித்துத் தலைக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் அமுக்கினார்.

சம்பந்தி அசந்துபோய் நின்றார். வரிசை வரிசையாக, கோடு போட்டு நிறுத்தி, ஆகாயத்தில் கேமரா வைத்து, ஒலிபெருக்கியில் ஆள் வேறு. அவர் அதைத் தனக்கான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

"என்னாங்க சம்பந்தி இது," என்றார், குரல் கொஞ்சம் உடைந்து. "ஒரு வார்த்த சொல்லலன்னு வருத்தப்பட்டது வாஸ்தவந்தான். அதுக்காவ ஊரையே நிக்க வெப்பாங்களா?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மைக்கை அணைத்தேன். அதற்குப் பிறகு சம்பந்தியிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காது குத்தும்போது பேரன் அழுத அழுகையைவிடச் சம்பந்தி அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேற்கத்திக்காரங்க மரியாதையே தனி, பறவை மாதிரி வரிசை கட்டி நின்று கூப்பிட்டார்கள் என்று இன்றும் கெங்கவல்லியில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பந்தி முடிந்து, கூட்டம் கலைந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போட்டோக்காரரின் போன் திரையைப் பார்த்தோம். முதல் முறையாக எல்லா முகமும் ஒரே திசையில் இருந்தது. பருந்து துல்லியம். கண்ணும் கூடத்தான்: மச்சான் விட்டுப்போன இடத்தில் செம்மண் தெரிந்து, பருந்து கண் சிவந்து பார்த்தது. பச்சைச் சட்டை இருந்தபோது அந்தக் கண் எடுபடவே இல்லை என்பதை நான் கவனித்தேன்.

மச்சான் திரையை வெகுநேரம் பார்த்தார். "மறுபடியும் இல்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீந்த சோற்றை யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சம்பந்தி விஷயம் தீர்ந்ததில் அவருக்குக் குறையில்லை. இருந்தாலும் அந்தச் சட்டையைக் கழற்றி மடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்டை வெட்டிவிடலாம் என்று போட்டோக்காரர் விரலை வைத்தபோதுதான் என் மனைவி அவரைத் தடுத்தாள். "அண்ணா, இங்க வாங்க. இதாரு?" என்றாள்.

படத்தின் அடி ஓரத்தில், கேட்டுக்கு உள்ளே, வெறும் மண்ணில் பச்சைச் சட்டை. பின்பக்கம் தெரியும் சம்பந்திக்கு எதிரே, தலைக்கு மேல் கை குவித்து, பொத்தான் போன வயிற்றோடு, மொத்தப் படத்திலும் கேமராவுக்குக் கிட்டே, மூக்கும் மீசையும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக மச்சான். அவருக்குப் பின்னால் ஒரு முழுப் பருந்து அவர் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் கோட்டைச் சரியாகப் போட்டிருந்தால், ட்ரோன் நேர் மேலே நின்றிருக்கும்; கேட்டும் வந்திருக்காது, அவரும் வந்திருக்க மாட்டார். இதை நான் எல்லோரிடமும் எடுத்துச் சொன்னேன். யாரும் என்னைப் பாராட்டவில்லை.

சொந்தத்தில் அந்தப் படத்தில் இல்லாத ஒரே ஆள் நான். கேமராவுக்குக் கீழே, லாரி கேபின் மேல் மைக்கோடு நின்றவன் எப்படி வருவேன்? இதைச் சொல்லி அங்கலாய்த்தபோது மச்சான் அன்றைக்கு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "லாரியில ஏறினீங்கள்ல, அவ்வளவுதானுங்க" என்றார்.

இப்போது டிவிக்கு மேலே இரண்டு படங்கள். போன மாதம் நான் அங்கே இருந்தபோது, மரவள்ளி விலை பேச வந்த ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டாவது படத்தை உற்றுப் பார்த்தார்.

"இதென்னுங்க, கோழிங்களா?" என்றார்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் எழுந்து போய், அவர் தோளைத் தொட்டு, கொஞ்சம் கீழே குனிய வைத்தார்.

"கோழியோ கீழியோ, அதை உடுங்க. இங்க பாருங்க, இது நானு."